பதினேழு சான்றிதழ்களும் ஒரு ரப்பர்த் தோட்டமும்: பதிவுப் புதுப்பித்தல் தணிக்கை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மார்த்தாண்டத்தை அடுத்த ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் பகுதிநேரமாகப் பணியாற்றிவந்த முப்பத்து நான்கு வயது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (நோயோ காயமோ பட்டவரை அன்றாட வேலைகளுக்கு மீண்டும் பழக்குபவர்) ஒருவருக்கு, லண்டனில் இயங்கும் ஹெச்.சி.பி.சி. என்னும் சுகாதாரத் தொழிலர்களின் பதிவு மன்றத்திடமிருந்து இரண்டு செய்திகள் வந்தன. அவருடைய பதிவு அக்டோபர் 31ஆம் தேதியோடு முடிகிறது, அதற்குள் புதுப்பிக்க வேண்டும் என்பது முதல் செய்தி. தொழிலறிவைத் தொடர்ந்து வளர்த்துவருகிறாரா என்று சரிபார்க்கும் தொடர் தொழில் மேம்பாட்டுத் தணிக்கைக்கு அவர் தேர்வாகியிருக்கிறார் என்பது இரண்டாவது. முதல் செய்தியை அவர் எதிர்பார்த்திருந்தார். இரண்டாவதைப் பார்த்தபோதும் பெரிதாகக் கலங்கவில்லை. அலமாரியில் ஒரு நீலக் கோப்பு நிறையச் சான்றிதழ்கள் இருந்தன. அவற்றை ஸ்கேன் செய்து அனுப்பினால் வேலை முடிந்தது என்றே அவர் கருதினார். அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது, ஏன் தவறாயிற்று, பிறகு எப்படிச் சரிசெய்யப்பட்டது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

அவர் ஒப்புதல் தந்த பிறகே இதை எழுதுகிறேன். அவரையும் அவரிடம் சிகிச்சை பெற்றவரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவரைச் ‘சிகிச்சையாளர்’ என்றே குறிப்பிடுவேன். நானும் அதே பதிவேட்டில் பல ஆண்டுகள் இருந்தவன். அதே தணிக்கைக்கு ஒருமுறை ஆளானவன் என்பதால், மன்றத்தின் கேள்விக் கடிதம் வந்தபின் அவர் என்னை அழைத்தார். அதற்கு முன்பே அழைத்திருந்தால் நான்கு மாத உறக்கம் மிஞ்சியிருக்கும்.

பின்னணி

சிகிச்சையாளர் தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் இங்கே பணியாற்றி, 2018இல் பிரிட்டனில் பதிவு பெற்றவர். அங்கே ஒரு மருத்துவமனையின் கை மறுவாழ்வுப் பிரிவில் இருந்தார். 2022 பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் வேலையை விட்டு ஊர் திரும்பினார். ஜூன் இறுதிவரை வீட்டிலேயே இருந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டார். ஜூலையில் மார்த்தாண்டம் மையத்தில் வாரம் மூன்று நாள் வேலைக்குச் சேர்ந்தார். என்றாவது திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்பதால் பிரிட்டன் பதிவை விடாமல் வைத்திருந்தார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலிருந்து அப்பாவை வீட்டுக்கு அழைத்துவந்த நாளிலும் இந்தப் பதிவை விட்டுவிட வேண்டும் என்று தோன்றவில்லை என்று அவர் சொன்னார். வெளிநாட்டுப் பதிவு என்பது நம் மாவட்டத்து வீடுகளில் நிலப்பத்திரம் போலப் பாதுகாக்கப்படும் பொருள் என்பதை இங்கே வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஹெச்.சி.பி.சி. பதிவு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பருவம் உண்டு. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கு ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆகஸ்டு 1 முதல் அக்டோபர் 31 வரை. புதுப்பிக்கும் எல்லோரும் மேம்பாட்டு நெறிகளைப் பின்பற்றிவருவதாக உறுதிமொழி அளிக்க வேண்டும். அவர்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேரை மட்டும் குலுக்கலில் தேர்ந்து, உறுதிமொழியை நிரூபிக்கும்படி கேட்பார்கள். பதிவில் சேர்ந்து இரண்டாண்டு நிறையாதவர்களை இதற்கு எடுப்பதில்லை. தேர்வானவர் மேல் எந்தப் புகாரும் இருப்பதாகப் பொருளில்லை என்று மன்றம் சொல்லும். ஆயினும் நம்மவர்கள் அந்த மின்னஞ்சலைப் படித்தவுடன் யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைக்கிறார்கள். சிகிச்சையாளரும் பழைய மேலாளர் ஒருவரை ஒரு வாரம் சந்தேகித்தார்.

எண்ணிக்கை என்னும் பழக்கம்

சான்றிதழ் சேர்த்தால் போதும் என்று அவர் நினைத்ததற்குக் காரணம் சோம்பல் அன்று. அவருடன் படித்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் புதுப்பித்தல் பற்றிய பேச்சு எப்போதும் எண்களிலேயே நடக்கும். கலிபோர்னியாவில் இருக்கும் தோழிக்கு இரண்டாண்டுக்கு 24 மேம்பாட்டு அலகுகள் வேண்டும், அவற்றில் பாதியாவது ஆக்குபேஷனல் தெரபி சேவையோடு நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும். புளோரிடாவில் இருப்பவருக்கு இரண்டாண்டுக்கு 26 மணி நேரம், அதற்குள் மருத்துவப் பிழைகளைத் தடுப்பது பற்றி 2 மணி நேரம் கட்டாயம். மாநில உரிமத்துக்கு அப்பால், அமெரிக்கத் தேசியச் சான்றளிப்பு அமைப்பான என்.பி.சி.ஓ.டி.யின் சான்றை வைத்திருப்பவர்கள் மூன்றாண்டுக்கு 36 அலகுகள் காட்டுகிறார்கள். மெல்போர்னில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 20 மணி நேரம், அதில் 5 மணி நேரமாவது பிற தொழிலரோடு கலந்து கற்றதாக இருக்க வேண்டும். முன்பு 30 மணி நேரமாக இருந்ததை 2019 டிசம்பரில் குறைத்தார்கள். மார்த்தாண்டம் மையத்திலேயே பக்கத்து அறையில் இருக்கும் பேச்சுப் பயிற்சியாளர், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை சி.ஆர்.இ. எனப்படும் தொடர் கல்விப் புள்ளிகளைக் காட்டிப் புதுப்பிக்கிறார். எல்லாப் பக்கமும் எண் இருக்கும்போது தனக்கும் ஒரு எண் இருக்கும் என்று ஒருவர் நம்புவது இயல்பே.

ஆனால் பிரிட்டனில் எண் கிடையாது. இத்தனை மணி நேரம், இத்தனை புள்ளி என்று மன்றம் எதையும் விதிப்பதில்லை. அது விதிப்பவை ஐந்து நெறிகள். பதிவுபெற்றவர் தன் கற்றலின் பதிவேட்டை இடைவிடாமல், துல்லியமாக, அன்றன்றைய நிலைக்கு வைத்திருக்க வேண்டும். கற்றல் ஒரே வகையானதாக இல்லாமல் பலவகைச் செயல்களின் கலவையாகவும், இப்போதைய அல்லது இனிவரும் பணிக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். அது பணியின் தரத்தை உயர்த்துமாறு முயல வேண்டும். சேவை பெறுபவருக்கு அதனால் நன்மை விளையுமாறு முயல வேண்டும். கேட்கும்போது இவற்றையெல்லாம் விளக்கும் எழுத்துக் கோவை ஒன்றை, சொந்த உழைப்பில், சான்றுகளோடு அளிக்க வேண்டும். இந்த ஐந்தில் கடினமானவை மூன்றாவதும் நான்காவதும். மணிக்கணக்கு கேட்கும் முறையில் கற்றவர் உட்கார்ந்திருந்ததற்குச் சான்று போதும். இங்கே கற்றது நோயாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிறார்கள். எண் இல்லாத முறை எளிமையானது என்று அந்த வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி பொறாமையோடு சொல்லப்படுவதுண்டு. என் அனுபவத்தில் அதுதான் எல்லாவற்றிலும் கடுமையானது.

முதல் கோவை

தணிக்கைக் கோவையில் நான்கு பகுதிகள் உண்டு: கடந்த இரண்டாண்டுப் பணியைப் பற்றி 500 சொற்களுக்குள் ஒரு சுருக்கம், நெறிகளை எப்படி நிறைவு செய்தோம் என்று 1500 சொற்களுக்குள் ஒரு விளக்கவுரை, கற்றல் செயல்களின் தேதியிட்ட பட்டியல், விளக்கவுரையில் சொன்னவற்றுக்கான சான்றுகள். சிகிச்சையாளர் அக்டோபர் நடுவில் இதை அனுப்பினார். அதை நான் பிறகு படித்தேன். பணிச் சுருக்கம் நன்றாக இருந்தது. பட்டியலில் பதினேழு வரிகள். பதினேழும் இணையவழி வகுப்புகள். மொத்தம் 52 மணி நேரம் என்று அவராகவே கூட்டிப் போட்டிருந்தார். விளக்கவுரை அறுநூறு சொற்களைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வகுப்பின் பெயரையும் சொல்லி, அது மிகவும் பயனுள்ளதாக இருந்தது, என் அறிவை வளர்த்தது என்று முடித்திருந்தார். பதினேழு முறை அறிவு வளர்ந்திருந்தது. ஒரு நோயாளிகூட அந்த உரையில் வரவில்லை.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு அலுவலகத்திலிருந்து, ஏற்கெனவே தணிக்கையில் தேறிய கோவை என்று ஒரு மாதிரியை அனுப்பி, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதில் இருந்தது முதியோர் இல்லப் பணி; சிகிச்சையாளரோ கைக் காயம் பார்ப்பவர். பொருந்தாததால்தான் அவர் அதைத் தொடவில்லை என்பதை மறைக்காமல் என்னிடம் சொன்னார். பொருந்தியிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும். கோவை சொந்த உழைப்பாக இருக்க வேண்டும் என்பது நெறியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மதிப்பிடுவோர் இருவரில் ஒருவராவது அதே தொழிலைச் சேர்ந்தவர். இரவல் வாக்கியம் அவர் கண்ணுக்குத் தெரியும். கற்றலில் குறை என்றால் கூடுதல் அவகாசம் கிடைக்கும். நேர்மையில் குறை என்றால் அது வேறு விசாரணைக்குப் போகும்.

டிசம்பரில் பதில் வந்தது. நிராகரிக்கவில்லை, கூடுதல் விவரம் கேட்டிருந்தார்கள். கேள்விகள் மூன்று. கற்றல் செயல்கள் ஒரே வகையாக இருக்கின்றன, வேறு வகை உண்டா? இவற்றால் உங்கள் பணியில் என்ன மாறியது, சேவை பெற்றவருக்கு என்ன நன்மை? 2022 பிப்ரவரி முதல் ஜூன் வரை பட்டியலில் எதுவும் இல்லை, ஏன்? மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எந்த இடைவெளிக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்பது வழிகாட்டுதலில் உள்ளதே. தணிக்கை நடக்கும் காலத்தில் பதிவு நீடிக்கும் என்பதை அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டிருந்தும், சிகிச்சையாளர் அதைப் பார்க்கவில்லை. பதிவு போய்விட்டது என்றே நினைத்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மூன்று நாள் இருந்திருக்கிறார்.

பால்வெட்டுக்காரர்

நாங்கள் நாகர்கோவிலில் என் வீட்டுத் திண்ணையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். முதல் நாள் நான் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. இந்த இரண்டாண்டில் எந்த நோயாளியிடம் உங்கள் முறையை மாற்றிக்கொண்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மாற்றினது ஒருத்தர்கிட்டதான் அண்ணா. ஆனா அதுக்குச் சர்ட்டிபிகேட் எதுவும் கிடையாதே” என்றார். அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்த கதையின் திருப்பம் அந்த ஒரு வாக்கியம்தான்.

குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்வெட்டும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் அவர். 2022 ஆகஸ்டில் கத்தி தீட்டும்போது இடது உள்ளங்கையில் ஆழமாக வெட்டுப்பட்டு, மோதிர விரலையும் சுண்டுவிரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்தன. அறுவை சிகிச்சையில் தைத்தார்கள். சில நாட்களில் மையத்துக்கு வந்தார். சிகிச்சையாளர் பிரிட்டனில் தேறிய முறைப்படியே எல்லாவற்றையும் செய்தார்: தையல் அறாதவாறு பாதுகாக்கும் சாய்பட்டை, படிப்படியான அசைவு, தைத்து பன்னிரண்டு வாரம் ஆகும்வரை கனமான பிடிப்பு கூடாது என்ற கட்டுப்பாடு, அதன்பின் பந்து, களிமண், முளைப்பலகை. டிசம்பர் இறுதியில், பிடியின் வலிமையை அளக்கும் பிடிமானி காட்டிய அளவு மற்றக் கையின் முக்கால் பங்குக்கு வந்துவிட்டது. குறிப்பேட்டின்படி அவர் குணமாகிவிட்டார். ஆனால் அவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு முறை போய்ப் பார்த்தும் வெட்ட முடியவில்லை. ஒருநாள் பந்தைக் கீழே வைத்துவிட்டு, “மக்களே, இந்தப் பந்த அமுக்கினா பாலு வருமா?” என்று கேட்டிருக்கிறார்.

அந்தக் கேள்விக்கு மையத்தில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியாது என்று சிகிச்சையாளருக்குத் தோன்றியது. 2023 ஜனவரியில் ஒருநாள், அதிகாலை நாலரை மணிக்கு, தம்பியை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தோட்டத்துக்குப் போனார். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுபவர்கள் மரம் மரமாகப் போவதை இரண்டரை மணி நேரம் கூடவே நடந்து பார்த்தார். மரத்தின் நீர் அழுத்தம் விடியலுக்கு முன் அதிகம் என்பதால் அந்த நேரத்து வெட்டில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஒருவர் ஒரு நாளைக்கு முந்நூறு மரங்களுக்கு மேல் வெட்டுகிறார். ஒவ்வொரு மரத்திலும் பழைய வெட்டின் ஓரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையைச் சீவ வேண்டும். உள்ளே மரத்தின் உயிர்ப்படலத்துக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்துக்குக் காயம்; புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிப் பின்னாளில் வெட்ட ஆகாது; தோட்டக்காரர் கணக்குக் கேட்பார்.

இதைப் பார்த்தபோதுதான் சிகிச்சையாளருக்குத் தன் பிழை புரிந்தது. அவர் பிடியின் வலிமையை வளர்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வேண்டியதோ வேறு. வலது கை கத்தியை இழுக்கிறது. இடது கை அதை வழிநடத்துகிறது. இடது கையின் சுண்டுவிரல் பட்டையில் பதிந்து நகர்ந்தபடியே ஆழத்தை உணர்கிறது. அந்தச் சுண்டுவிரலில்தான் தையல். அதன் நுனி முழுதாக மடங்காமல், உணர்வும் மந்தமாக இருந்ததால், அவருக்குக் கத்தி எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று தெரியவில்லை. பந்தை ஆயிரம் முறை அமுக்கினாலும் அது தெரியப்போவதில்லை. இதை நோயாளி முன்பே சொல்லியிருந்தார், “விரலுக்கு மரம் தெரியல்ல” என்று. மரத்துப்போனதைச் சொல்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் கடந்து போயிருந்தார்கள்.

அதன்பின் அவர் செய்த மாற்றங்கள் எளியவை. தோட்டத்தில் கழித்துப்போட்ட பழைய மரத்துண்டு ஒன்றை மையத்துக்குக் கொண்டுவந்து, அதிலேயே பயிற்சி. கைப்பிடி வியர்வையிலும் பாலிலும் வழுக்காதபடி சைக்கிள் டியூப் சுற்றிப் பருமனாக்கினார். ஆழத்தை உணரும் பொறுப்பைச் சுண்டுவிரலிலிருந்து நடுவிரலுக்கு மாற்றிப் பழக்கினார். இதற்காகக் கையில் உணர்வு மறுபயிற்சி பற்றிய இரண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தார். பிரிட்டனில் உடன் பணியாற்றிய மூத்த கைச் சிகிச்சையாளரோடு காணொளியில் இரண்டு முறை பேசி, தன் திட்டத்தை விமர்சிக்கச் சொன்னார். அந்தப் பேச்சில், முதல் மாதம் நாற்பது மரம் போதும் என்ற வரம்பு முடிவாயிற்று. பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து மரம் துளிர்க்கும் நாட்களில் வெட்டு நிற்பது வாய்ப்பாக அமைந்தது. அந்த ஓய்வில் கையும் தேறியது. ஜூனில் அவர் நாளொன்றுக்கு இருநூற்றைம்பது மரங்களுக்கு வந்துவிட்டார். செயல்திறனை நோயாளியே ஒன்று முதல் பத்துவரை மதிப்பிடும் கனடிய அளவுகோலில், பால்வெட்டுக்கு அவர் ஜனவரியில் தனக்குக் கொடுத்த மதிப்பெண் 2, ஜூனில் 7. அந்த அளவுகோலில் இரண்டு புள்ளி மாறினாலே பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்பார்கள்.

தோட்டத்துக்குப் போனது, கட்டுரை படித்தது, மூத்தவரோடு கலந்து பேசியது, பிறகு மையத்தின் மற்ற இரண்டு தெரபிஸ்டுகளுக்கு இதை எடுத்துச் சொன்னது ஆகிய நான்கும் தொடர் தொழில் மேம்பாடுதான். நான்கும் நான்கு வகை. ஒன்றுகூட முதல் கோவையில் இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, “அது வேலைதானே, படிப்பு இல்லையே” என்றார். பணம் கட்டி, உட்கார்ந்து, கடைசியில் ஒரு தாள் கிடைத்தால்தான் படிப்பு என்னும் நம்பிக்கை நம்மிடம் பள்ளிக்கூடத்திலிருந்தே ஊறியது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

இரண்டாம் கோவை

பதினேழு சான்றிதழ்களில் பன்னிரண்டை விளக்கவுரையிலிருந்து நீக்கினோம்; தேதிப் பட்டியலில் மட்டும் விட்டுவைத்தோம். இதைச் செய்யும்போது அவருக்கு வயிற்றைப் பிசைந்தது. சிலவற்றுக்கு ஆறாயிரம் ரூபாய்வரை கட்டியிருந்தார். மீதி ஐந்தில் மூன்று, தசைநாண் தையலுக்குப் பின்னான தொடக்க அசைவு பற்றியவை. பால்வெட்டுக்காரருக்குக் கொடுத்த சிகிச்சையோடு அவற்றை இணைத்தோம். நான்காவது, பதிவுபெற்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கான தகுதி நெறிகளை மன்றம் திருத்தி 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியதைப் பற்றியது. அவர் திரும்பிப் போக நினைப்பவர் என்பதால் இனிவரும் பணிக்குப் பொருந்துவது என்ற வகையில் அது இடம்பெற்றது. ஐந்தாவது வகுப்பைப் பற்றி அவர் தானாகவே ஒரு பத்தி எழுதினார்: அதில் கற்ற முறையைத் தன் நோயாளி ஒருவரிடம் முயன்றதாகவும், பலிக்கவில்லை என்றும், ஏன் பலிக்கவில்லை என்றும். அதை எடுத்துவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். நன்மை விளையுமாறு ‘முயல’ வேண்டும் என்பதுதான் நெறியின் சொல். தோல்வியை நேர்மையாக ஆராய்ந்த பத்தி, பயனுள்ளதாக இருந்தது என்னும் பதினேழு வரிகளைவிடக் கனமானது.

சான்றுகளில் ஒரு சிக்கல் எழுந்தது. தோட்டத்தில் எடுத்த புகைப்படம் அருமையானது. நெற்றி விளக்கின் ஒளியில் பால்வெட்டுக்காரரின் முகமும் கையும் கத்தியும் தெளிவாகத் தெரியும். அதை அனுப்ப அவர் ஆசைப்பட்டார். சேவை பெறுபவரை அடையாளம் காட்டும் எதுவும் சான்றில் இருக்கக்கூடாது. முகத்தை வெட்டி, கை மட்டும் தெரியும்படி செய்தோம். குறிப்பேட்டுப் பக்கங்களில் பெயர், ஊர், மருத்துவமனை எண் எல்லாவற்றையும் கறுப்பாக்கினோம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, சிகிச்சையாளர் அவருக்கு வாசித்துக் காட்டியபோது, “லண்டன்காரனுக்கு எனக்க கையப் பாத்து என்ன ஆவணும்?” என்று சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டாராம். தமிழ்க் குறிப்புகள் இரண்டுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்தோம்.

இடைவெளிக்கான விளக்கம்தான் அவருக்கு எழுதக் கடினமாக இருந்தது. அப்பாவைக் கவனித்ததைத் தொழில் அனுபவமாகக் காட்டலாமா என்று கேட்டார். பக்கவாத நோயாளியோடு நான்கு மாதம் இருபத்து நான்கு மணி நேரமும் இருந்த தெரபிஸ்டுக்கு எந்த வகுப்பும் தராத அறிவு கிடைத்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது பணி அன்று, மகளாகச் செய்தது. பணியென்று எழுதினால் மேற்பார்வை யார், குறிப்பேடு எங்கே என்ற கேள்விகள் வரும். கடைசியில் இரண்டே வாக்கியங்கள்: அந்த மாதங்களில் குடும்பத்தில் ஒருவரின் கடும் நோய் காரணமாகப் பணியில் இல்லை, வீட்டில் பராமரிப்பவரின் களைப்பை உள்ளிருந்து கண்டதால், ஜூலைக்குப் பின் நோயாளிகளின் வீட்டாருக்குத் தரும் அறிவுரைகளைக் குறைத்து ஒரு நாளைக்கு இரண்டு செயல் என்ற அளவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டாம் வாக்கியம் அவருடையது. முழுக் கோவையிலும் எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

புதிய விளக்கவுரை 1380 சொற்கள். ஜனவரி 2024இல் அனுப்பினார். மார்ச் முதல் வாரத்தில் நெறிகள் நிறைவாகியிருப்பதாகப் பதில் வந்தது.

ஆய்வுக் குறிப்புகள்

இந்த நிகழ்வில் மாற்றுவழி ஒன்று இருந்ததையும் குறிப்பிட வேண்டும். கோவை தயாரிக்க இயலாத அளவுக்கு நோய், குடும்பச் சூழல் போன்ற தவிர்க்கமுடியாத காரணம் உள்ளவர்கள் தணிக்கையைத் தள்ளிவைக்கும்படி கேட்கலாம். சிகிச்சையாளரின் அப்பா 2023 அக்டோபரில் மீண்டும் மருத்துவமனையில் இருந்தார். கேட்டிருந்தால் கிடைத்திருக்க வாய்ப்புண்டு. அவர் கேட்கவில்லை; கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்று அஞ்சினார். இன்னொன்று: பதிவை விட்டுவிட்டு இரண்டாண்டுக்கு மேல் பணியிலிருந்து விலகியிருந்து மீண்டும் சேர்வோருக்கு, ஐந்தாண்டுக்குள் என்றால் 30 நாள், அதற்கு மேல் என்றால் 60 நாள் மறுதேர்ச்சிக் காலம் உண்டு. பதிவு போனால் எல்லாமே போய்விடும் என்று நம் பக்கத்தில் பரவியிருக்கும் அச்சத்துக்கு இந்த விதி தெரியாததும் ஒரு காரணம்.

மார்த்தாண்டம் மையத்தின் மற்ற இரு தெரபிஸ்டுகளும் இதையெல்லாம் வெளிநாட்டுச் சங்கதியாகவே பார்த்தார்கள். அவர்களுக்கு அதுவரை புதுப்பித்தல் என்ற ஒன்றே இருந்ததில்லை. டெல்லியும் மகாராஷ்டிரமும் இத்தொழிலுக்குத் தனிச் சட்டம் இயற்றி மன்றம் அமைத்தவை. தமிழ்நாட்டில் பலரும் 1952இல் தொடங்கப்பட்ட அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கத்தின் உறுப்பினர் எண்ணையே காட்டிவந்தார்கள். அது தன்னார்வச் சங்கம். 2021ஆம் ஆண்டின் தேசிய இணைமருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் ஆக்குபேஷனல் தெரபியைத் தன் அட்டவணையில் சேர்த்து, மத்தியப் பதிவேட்டுக்கும் மாநில மன்றங்களுக்கும் வழிசெய்துள்ளது. பதிவேடு என்று வந்துவிட்டால் அதில் தொடர்வதற்கான நிபந்தனைகளும் பின்னால் வரும். அப்போது அவை எண்ணாக வருமா, கேள்வியாக வருமா என்பதில் எனக்கு ஒரு விருப்பம் உண்டு. எண்ணை எளிதில் விற்க முடியும் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

நீலக் கோப்பு இப்போதும் அந்த அலமாரியில் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நாகர்கோவிலில் வாங்கிய நூறு பக்கக் கோடுபோட்ட நோட்டு ஒன்று. தேதி, என்ன கற்றேன், யாரிடம் பயன்படுத்தினேன், என்ன ஆயிற்று என்று நான்கு பத்திகள் பேனாவால் கோடிட்டிருக்கின்றன. முதல் பதிவு 2024 மார்ச் 11: முந்திரி ஆலையில் தோடு உடைக்கும் பெண் ஒருவரின் விரல்களில் ஓட்டு எண்ணெய் பட்ட புண், ஆலைக்கு நேரில் போனது, கையுறை போட்டால் பருப்பு உடைகிறது என்று அங்கிருந்த பெண்கள் காட்டியது. நான்காவது பத்தி அன்று காலியாக விடப்பட்டிருந்தது.